அட்டை வாய் திறக்காத காரணம்

அந்தக் காலத்தில் மடிக்கணினிக்குள் இருந்த பாகங்களெல்லாம் பேசும். பேசினவே தவிர, ஒன்றை ஒன்று நம்பியதில்லை.

கணினியின் பக்கவாட்டில் ஒரு செருகுவாய் இருந்தது. இணையம் தரும் மோடமானாலும் மெமரி கார்டானாலும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். எல்லாம் ஒரே அளவு, ஒரே தகர முகம். ஒவ்வொரு வகையையும் வேலை வாங்க உள்ளே டிரைவர் என்ற ஒரு நிரல் உண்டு. வந்தது தன் ஆள்தானா என்று அறிய, டிரைவர் அட்டையின் ஓரிடத்தில் ஒரு கட்டளையை எழுதிப் பார்க்கும்.

ஒருநாள் சர்வேயர் அமுதவல்லி ஓர் அட்டையைச் செருகினார். ஊர் ஏரியை அளந்த கணக்கு அதில் இருந்தது. வேறு பிரதி இல்லை. மேற்குக் கரை தன் மனை என்று ஒருவர் போட்ட வழக்கு, மறுநாள் விசாரணைக்கு வருகிறது.

மோடம் டிரைவர் முந்திக்கொண்டு வந்தது.

"யாருடா நீ?"

"மெமரி கார்டுண்ணே. உள்ளே ஏரி இருக்கு, கை வச்சிடாதீங்க."

"போன வாரம் வந்தவனும் இதையேதான் சொன்னான். பார்த்தா மோடம். வேலைக்குப் பயந்து புளுகியிருக்கான்."

"அண்ணே, நான் நிஜமாவே..."

"நிஜமான்னு நான் பார்த்துக்கறேன்."

டிரைவர் கட்டளையை எழுதியது. மோடத்தில் அந்த இடம் வெறும் பொத்தான், அழுத்தினால் விழித்துக்கொள்ளும். இந்த அட்டையில் அங்கே மேற்குக் கரை இருந்தது; அழிந்துபோனது.

கணினி முழுவதையும் கட்டி ஆளும் தலைமை நிரல் விசாரித்தது.

"நான் யாருன்னு கேட்டேன், அவ்வளவுதான்" என்றது டிரைவர்.

"கேட்டுட்டு எழுதினீங்களே!" என்றது அட்டை.

"நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றது தலைமை நிரல்.

"சொன்னேன் ஐயா. இங்கே யார் நம்புறாங்க?"

தலைமை நிரலும் நம்பியிருக்காது. கடைசியில் உத்தரவு போட்டது: இனி அட்டை பேச வேண்டாம். தயாரித்தவர் பெயர், வகை, மாதிரி எண் எல்லாவற்றையும் தயாரித்தவரே உள்ளே பொறித்து அனுப்பட்டும். அதைப் படித்து முடிக்கும்வரை எந்த டிரைவரும் செருகுவாய்ப் பக்கம் வரக்கூடாது.

அமுதவல்லிக்கு அதனால் பயனில்லை. வாய்தா கேட்டார், கிடைக்கவில்லை. மூன்று கரை உள்ள ஏரியைத்தான் நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது. மேற்கில் இப்போது வீடுகள்.

அன்று முதல்தான், எந்த அட்டையைச் செருகினாலும் கணினி ஒரு கணம் தயங்கி, பொறித்த பெயரைப் படித்து, அந்தப் பெயரை அறிந்த டிரைவரை மட்டும் கூப்பிடுகிறது. யாரும் அறியாத பெயரென்றால், எவ்வளவு நல்ல அட்டையானாலும், 'அறியப்படாத சாதனம்' என்ற பட்டத்தோடு வாசலிலேயே கிடக்கவேண்டியதுதான்.