திரையில் வராத எண்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலம்மாள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அவளுடைய நர்சிங் விண்ணப்பத்தை இன்று ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மணி நாலு.

"டீச்சர்! எரர், ஐந்நூத்தி மூணுன்னு வருது. எரர்னா தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? வீட்டுல பால் பொங்கினாலும் என் தப்பு. இங்கேயுமா?" என்றாள். பதற்றத்தில் பக்கத்தையே மூடிவிட்டாள்.

டீச்சர் பெனாசிர் அவளைவிட இருபது வயது இளையவள். ஃபிளாஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

"எதிர்க்கடையில டீ வாங்கிட்டு வாங்கக்கா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

வேலம்மாள் ஓடினாள். காலி ஃபிளாஸ்க்கோடு திரும்பி ஓடிவந்தாள்.

"மூணு பஸ் ஒண்ணா வந்து நிக்குது டீச்சர். மாஸ்டர் தலையே தூக்கல. அப்புறம் வாங்கங்கிறார்."

"நீங்க என்ன தப்பு பண்ணினீங்க?"

"நல்லா இருக்கே! கூட்டத்துக்கு நானா பொறுப்பு?"

"அதுதான் ஐந்நூத்தி மூணு. அஞ்சுல ஆரம்பிச்சா அவங்க பக்கத்துக் கோளாறு."

"நாலுல ஆரம்பிச்சா?"

"நேத்து அதே கடையில என்ன கேட்டீங்க?"

வேலம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பருத்திப்பால். இங்க ஏதும்மான்னு சிரிச்சார்."

"அது நானூத்தி நாலு. கடை இருக்கு. நீங்க கேட்டது அங்க இல்ல. கேட்டதுலதான் தப்பு."

கூட்டம் குறையட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். நாலே முக்காலுக்கு வேலம்மாள் கல்லூரி நோட்டீஸைப் பார்த்து இணைய முகவரியை மறுபடி அடித்தாள். உடனே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நாலு! டீச்சர், நாலுல ஆரம்பிக்குது! என் தப்புதான்!"

சென்டரே திரும்பிப் பார்த்தது.

"தப்பு பண்ணிட்டு இப்படிக் குதிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்.

"என்னோடதுன்னா நான் திருத்திடுவேன்ல!"

ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். ஓர் 'எல்' விட்டுப்போயிருந்தது. சேர்த்தாள். பக்கம் திறந்தது. ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

வேலம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர், எல்லாம் சரியா நடந்தா என்ன நம்பர்?"

"இருநூறு."

அவள் திரையை மேலும் கீழும் தேடினாள்.

"எங்கேயும் காணோமே?"

"ஒவ்வொரு தடவையும் வரத்தான் செய்யுது. யாரும் அதை வெளிய காட்டறதில்லக்கா."