நாலாவது பக்கம்

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி இருந்தாளாம். பேரு பச்சையம்மா. காலை ஆட்டாதே பவி, போர்வை நழுவுது பாரு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். "ம்" நின்னா நீ தூங்கிட்டேன்னு அர்த்தம், நானும் எழுந்து போயிடுவேன். சரியா?

"ம்."

அந்தப் பச்சையம்மாவுக்கு வீடு வாசல்னு பெருசா ஒண்ணும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு மந்தை வாத்துதான். போற வழியெல்லாம் "வாக் வாக் வாக்"னு ஒரே கச்சேரி. அதுல மொட்டச்சின்னு ஒரு வாத்து. தலையில முடி கம்மி, நடையும் மெதுவு. எப்பப் பாரு கடைசியாத்தான் வரும். ஆனா பச்சையம்மாவுக்கு அதுமேல தனிப் பிரியம். கஞ்சி குடிச்சா முதல் பருக்கை மொட்டச்சிக்குத்தான்.

அப்புறம் அவகிட்ட ஒரு வலை இருந்துச்சு. சாயங்காலம் ஆனா குச்சி நட்டு, அந்த வலையைச் சுத்திக் கட்டி, உள்ள வாத்தை அடைச்சிடுவா. இல்லேன்னா நரி வந்துடும் இல்ல? வலை எவ்வளவு நீளம்? முப்பத்தாறு முழம். முழம்னா தெரியுமா? கையை நீட்டு. முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும். உன்னோடது குட்டி முழம். அவளோடது பெரிய முழம்.

பச்சையம்மா பொறந்து வளர்ந்ததெல்லாம் ஏரிக்கரை. அங்க வாத்துக்காரங்க எல்லாருமே மூணு பக்கம்தான் வலை கட்டுவாங்க. நாலாவது பக்கம் ஏரித் தண்ணி. நரி தண்ணியில இறங்காது. அதனால அவளும் பக்கத்துக்குப் பன்னெண்டு முழம்னு மூணு பக்கம் கட்டிட்டு, கையைத் தட்டிட்டுப் போயிடுவா. மூணு பன்னெண்டு முப்பத்தாறு, வலைக்குச் சரியாப் போச்சு.

அப்போ ஒரு வருஷம் மழையே இல்ல. ஏரி வத்திப் போச்சு. வாத்து பாவம், சேத்துல மூக்கை விட்டுத் தேடுது, ஒரு நத்தைகூட இல்ல. பச்சையம்மா வாத்தையெல்லாம் ஓட்டிக்கிட்டு, வலையைச் சுருட்டித் தலையில வச்சுக்கிட்டு, தூரத்துல கிணத்துப் பாசனம் இருக்கிற ஒரு ஊருக்குப் போனா. அங்க அப்பத்தான் நெல்லு அறுப்பு நடக்குது. வயலுக்குச் சொந்தக்காரி கனகவல்லி அம்மா. நல்ல மனுஷிதான், ஆனா வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"இந்தா பொண்ணே, அறுத்த வயல்ல வாத்தை விட்டுக்கோ. பூச்சியைத் தின்னட்டும், எருவும் ஆச்சு. ஆனா நான் காட்டுற இடத்துலதான் அடைக்கணும். அறுக்காத நெல்லுல ஒரு வாத்து கால் வச்சாலும் அன்னைக்கே நடையைக் கட்டு"ன்னாங்க.

"சரிம்மா"ன்னா பச்சையம்மா.

முதல் நாள் அகலமா ஒரு வயல் காட்டினாங்க. சாயங்காலம் ஆச்சு. பச்சையம்மா டக் டக் டக்னு குச்சி அடிச்சா. இந்தப் பக்கம் பன்னெண்டு முழம், அந்தப் பக்கம் பன்னெண்டு, பின்னாடி பன்னெண்டு. வலை தீந்துச்சு. கையைத் தட்டிட்டு அடுப்பு மூட்டப் போயிட்டா. எப்பவும் செய்யறதுதானே!

கஞ்சி கொதிக்குது, தளபுள தளபுள. அப்போ வாத்தெல்லாம் ஒரே கூச்சல். திரும்பிப் பாத்தா, நாலாவது பக்கத்துல ஏரி எங்க இருக்கு? வெறும் தரை! தொறந்து கிடக்கு! அங்க நட்ட நடுவுல ஒரு நரி, வாலைச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.

"வா அக்கா. எனக்காக இம்மாம் பெரிய வாசல் வச்சியே, நல்லா இருப்பே"ன்னுச்சாம்.

"அடப் பாவி!"ன்னு அகப்பையை வீசினா பாரு, ணங்! நரி நாலு அடி தள்ளிப் போய் நின்னுச்சு, ஓடல. பச்சையம்மா வலைகிட்ட ஓடினா. இந்த வாத்து போச்சுன்னா அவளுக்கு வேற என்ன இருக்கு? "இங்க ஏரி இல்ல. நாலு பக்கமும் நாமதான் கட்டணும். வலை முப்பத்தாறு. நாலாப் பிரிச்சா பக்கத்துக்கு ஒம்பது"ன்னு சொல்லிக்கிட்டே குச்சியைப் பிடுங்கி, டக் டக் டக்னு மறுபடி அடிச்சா. ஒம்பது, ஒம்பது, ஒம்பது, ஒம்பது. மூடிக்கிச்சு. இடம் கொஞ்சம் நெருக்கடிதான், ஆனா ஒரு வாத்துகூடக் குறையல.

"ம்... அப்புறம்?"

அப்புறம் ரெண்டாவது நாள். கனகவல்லி அம்மா ஒரு ஒல்லி வயல் காட்டினாங்க. அகலம் வெறும் நாலு முழம். ரெண்டு பக்கமும் அறுக்காத நெல்லு தலையாட்டிக்கிட்டு நிக்குது. பச்சையம்மா, "நாலு பக்கம், பக்கத்துக்கு ஒம்பது"ன்னு குச்சியைத் தூக்கினா. முதல் குச்சியே நெல்லுக்குள்ள போய் நின்னுச்சு.

"ஏய்! என் பயிரு!"ன்னு வரப்புல இருந்து ஒரு சத்தம். யாரு? அவங்கதான்.

"மன்னிச்சுக்கோங்கம்மா"ன்னு குச்சியைப் பிடுங்கிட்டு யோசிச்சா. அகலம் நாலு. முப்பத்தாறுல நாலு போனா முப்பத்திரெண்டு. ரெண்டு நீள வரிசை இருக்கு, ஆளுக்குப் பாதி, பதினாறு. கிட்டத்துல நாலு, இந்த வரிசை பதினாறு, அந்த வரிசை பதினாறு. கட்டி முடிச்சா, வலையும் தீந்துச்சு. "பரவாயில்லையே, கணக்கு வருதே நமக்கு"ன்னு அவளுக்கே ஒரு பெருமை.

எதை மறந்துட்டா சொல்லு? அந்தக் கோடி! பதினாறு முழம் தள்ளி இருக்கிற அந்தக் கடைசி அகலம். அது அவ கண்ணுக்கே படல. ஆனா நரி கண்ணுக்குப் பட்டுச்சு. சரக் சரக்னு வைக்கோல் மேல வந்துச்சு. கடைசியில நின்னது யாரு? மொட்டச்சி. நரி லபக்னு பாஞ்சுது!

"ஐயோ அத்தை!"

பயப்படாதே. வாய்ல வால் இறகு ஒண்ணுதான் வந்துச்சு. மொட்டச்சி "வாக்"னு ஒரு துள்ளு, அன்னைக்கு மட்டும் எல்லாரையும் முந்திக்கிட்டு ஓடுச்சு. பச்சையம்மா கம்போட ஓடி வந்து நரியைத் துரத்தினா. துரத்திட்டு மொட்டச்சியை மடியில வச்சுக்கிட்டு அழுதுட்டா. அழுதுட்டு மூக்கைச் சிந்திட்டு மறுபடி கணக்குப் போட்டா. இந்தக் கோடி நாலு, அந்தக் கோடி நாலு, எட்டு ஆச்சு. மிச்சம் இருபத்தெட்டு. அதுல பாதி பதினாலு. நாலு, பதினாலு, நாலு, பதினாலு. டக் டக் டக். மூடிக்கிச்சு. வாத்தெல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா நின்னுச்சு, அவ்வளவு ஒடுக்கம்.

முழிச்சிருக்கியா?

"...ம்."

மூணாவது நாள். ரெண்டு வாய்க்கா வந்து சேர்ற முனையில ஒரு மூலை வயல். முக்கோணமா இருக்கும், நீ சமோசா தின்னே இல்ல, அந்த மாதிரி. மூணு பக்கமும் ஒரே நீளம். பச்சையம்மா மூணு மூலையில மூணு குச்சி நட்டா. ஒரு பக்கத்தை முழம் போட்டுப் பாத்தா பன்னெண்டு. நடுவுல வாத்தையெல்லாம் உக்கார வச்சுட்டு, வலையை இன்னும் பிரிக்கல, அப்படியே நின்னுட்டா. ரெண்டு நாள் பட்ட பாடு போதாதா? ரெண்டு நாளும் ஒரு பக்கத்தை விட்டுட்டா. இன்னைக்கு எந்தப் பக்கத்தை விட்டோமோன்னு மூலை மூலையா எண்ணிப் பாக்குறா.

அப்போ நரி நல்ல பிள்ளை மாதிரி நடந்து வந்துச்சு. "என்ன அக்கா, யோசனை பலமா இருக்கே?"

"மூணு பக்கம்தான் தெரியுது. நாலாவதைக் காணோம்"னு வாய் தவறிச் சொல்லிட்டா.

நரிக்கு நாக்குல எச்சில் ஊறுது. அதுவும் ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கு? எந்த வயலா இருந்தாலும் வலை தீந்த அப்புறம் ஒரு பக்கம் தொறந்திருக்கும், அதான் அதுக்குத் தெரிஞ்ச கணக்கு. "நாலாவது பக்கம் இல்லாமப் போகுமா? எங்கயாவது இருக்கும்"னுச்சு.

பச்சையம்மா செருப்பைக் கழட்டி முதல் குச்சிகிட்ட வச்சுட்டு, வெறுங்காலோட சுத்தி நடந்தா. ஒரு மூலை திரும்பினா. இன்னொரு மூலை திரும்பினா. மூணாவது பக்கம் நடந்து முடிச்சு நிமிர்ந்து பாத்தா, காலடியில அவ செருப்பு! புறப்பட்ட இடத்துக்கே வந்துட்டா. பக்கம் மூணோ நாலோ, புறப்பட்ட குச்சிக்குத் திரும்பி வந்துட்டா சுத்து முடிஞ்சுது, அவ்வளவுதானேன்னு அவளுக்குப் பளிச்சுன்னு ஆயிடுச்சு. மூணு பன்னெண்டு முப்பத்தாறு. வலையும் முப்பத்தாறு. அவளுக்கு வந்துச்சு பாரு ஒரு சிரிப்பு, அதை வாய்க்குள்ளயே அடக்கிக்கிட்டா.

"நரித் தம்பி, எனக்குக் கால் வலிக்குது. நீயே வலையோட ஒரு நுனியைக் கவ்விக்கிட்டுச் சுத்தி வாயேன். நாலாவது பக்கம் வந்ததும் வலையை விட்டுடு. அந்தப் பக்கத்தை நீயே வச்சுக்கோ. ஆனா குச்சிக்கு வெளிப்பக்கமா நட, வாத்து மிரளும்"னா.

"நிஜமாவா அக்கா?"

"நிஜமா."

நரிக்குத் தலை கால் புரியல. ஒரு நுனியை அவ முதல் குச்சியில கட்டினா. இன்னொரு நுனியை நரி கவ்விக்கிச்சு. குடுகுடு குடுகுடுன்னு ஓடுச்சு. முதல் பக்கம் முடிஞ்சுது. மூலைக் குச்சியைச் சுத்தி ரெண்டாவது பக்கம். அப்புறம் மூணாவது பக்கம். "அடுத்தது நாலாவது, அடுத்தது என்னுது"ன்னு ஒரே நினைப்பு, மொட்டச்சியை எந்தப் பக்கத்துல இருந்து கடிக்கலாம்னு வேற யோசனை. அப்படியே ஓடி வந்து, முதல் குச்சியில மூக்கை இடிச்சுக்கிச்சு, தொம்!

இடிச்ச வேகத்துல வாயைத் தொறந்துடுச்சு. பச்சையம்மா அந்த நுனியை வெடுக்குனு பிடிச்சு, அதே குச்சியில இறுக்கி முடிச்சு போட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு முடிச்சு. ஒரு விரல் அளவுகூடச் சந்து இல்ல. வலை கட்டினது யாரு? நரி! அதுவே கட்டி, அதுவே வெளிய நிக்குது. உள்ள வாத்தெல்லாம் ஹாயா இறகை விரிச்சு உக்காந்திருக்கு.

நரி இந்தப் பக்கம் ஓடுச்சு, வலை. அந்தப் பக்கம் ஓடுச்சு, வலை. மூணாவது பக்கமும் வலை. மறுபடி மூக்கு இடிச்ச குச்சிக்கே வந்துச்சு.

"அக்கா, அக்கா, எனக்குன்னு ஒரு பக்கம் தர்றேன்னியே. அது எங்க?"ன்னு அழுவாத குறையாக் கேட்டுச்சாம்.

பச்சையம்மா கஞ்சியை ஆத்திக்கிட்டே, "நீ நிக்கிறியே, அந்த வெளிப்பக்கம்தான். முழுசா நீயே வச்சுக்கோ"ன்னாளாம்.

பவி? "ம்" எங்க? பவிக்குட்டி? சரி, சரி. வாத்து உள்ள, நரி வெளிய, சுத்திக் கட்டியாச்சு என் கதையை. நீயும் நல்லாத் தூங்கு.