முப்பத்தேழு பூ

தாணு ஆசானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தை மாதம் இருபத்தெட்டாம் தேதி. கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் வைத்திருந்தேன்.

"ஆசானே, எனக்கு இன்னும் உறுதி வரல்ல" என்றேன்.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர், ஆனாலும் செடிகொடி அறிந்த வைத்தியர் என்பதால் எனக்கும் ஆசான். இடுப்பெலும்பு முறிந்து மலையேற முடியாமல் போனபிறகு, அவருக்குக் கால் நான்தான்.

எஸ்டேட்டின் மேல்சரிவில் மஞ்சள் பூ பூக்கும் காட்டுச் செம்பருத்திக் கொடிகள் இருந்தன. இரண்டு வகை. இரண்டிலும் முள். இரண்டிலும் பூவின் நடுவே கருஞ்சிவப்பு. இலையும் ஏறக்குறைய ஒன்றே. அதில் ஒரு வகை எங்கள் பக்கத்தில் வேறெங்கும் மிச்சமில்லை என்று ஆசான் சொன்னார். தைக் கடைசியில் சரிவை வெட்டி ரப்பர் வைக்கப்போகிறார்கள். அதற்குள் அந்த வகையின் விதை வேண்டும். ஓடைக்கரையில் தூவ வேண்டும்.

எப்படிப் பிரிப்பது என்று கார்த்திகையிலேயே கேட்டேன்.

"இலைக்காம்பு தண்டைத் தொடுற இடத்தில ரெண்டு சின்ன இலை இருக்கும். நமக்கு வேண்டியதில காது மாதிரி அகலமா இருக்கும். மத்ததில ஒடுங்கி இருக்கும். காதப் பாருங்க, போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை.

காலையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடித்து, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, ஒன்பது மணிக்குச் சரிவுக்குப் போவேன். காதுள்ள கொடி நான்கே நான்கு. அவற்றில் பாதி இலைகளில் காதைப் பூச்சி தின்றிருந்தது. சிலதில் உதிர்ந்திருந்தது. மற்றதோடு பின்னிக் கிடந்ததால் எந்தத் தண்டு எதனுடையது என்றும் குழப்பம். தவறான விதையைக் கொண்டுபோனால்? இருக்கிற ஒரே ஓடைக்கரையில் அதைத் தூவிவிட்டால்?

இன்னோர் அடையாளம் உண்டா என்று மறுபடியும் போய்க் கேட்டேன்.

பூவுக்கு அடியில் பச்சை விரல்கள் சுற்றி நிற்கும், காதுள்ளதில் விரல் நுனி இரண்டு கவராகப் பிரிந்து வெளிப்பக்கக் கவர் சின்னக் கரண்டி போல விரியும் என்றார். சொல்லிவிட்டு, "காதே போதும்" என்று மறுபடியும் சொன்னார்.

நான் கரண்டியைத் தேடினேன். பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியைப் பிளந்து பார்த்தேன். கரண்டி இருந்தது. மறுநாள் வேறொரு பூ. அதிலும் இருந்தது. நேற்றுப் பார்த்தது சரிதானா என்று அதற்கு அடுத்த நாள் சந்தேகம் வந்தது. இந்தப் பூ ஒரு காலைப்பொழுதுதான். மத்தியானத்துக்குமேல் சுருண்டுவிடும். அதனால் ஓட்டமாகப் போவேன். ஒரு நாள் பால் வாளியைத் தட்டிக் கவிழ்த்து மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன்.

வீட்டில் பாயில் பூக்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். என் மனைவி ஏசுவடியாள் விளக்குமாறோடு வந்து நின்றாள்.

"என்னையும் எங்கக்காளையும் ஒண்ணா நிறுத்தினப்போ இவ்வளவு உத்துப் பாத்தீங்களா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறக்கமும் சரியாக வரவில்லை.

அந்த இருபத்தெட்டாம் தேதி பொட்டலத்தை ஆசானிடம் நீட்டினேன்.

அவர் மகளைக் கூப்பிட்டுக் கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னார். காய்ந்த பூக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணி எண்ணிப் போர்வைமேல் வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முப்பத்தேழு" என்றார்.

"ஆமா, ஆசானே."

"எல்லாம் அதுதான். ஒண்ணுகூடத் தப்பல்ல."

இரண்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சு நெஞ்சு வரை இறங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"காய் எங்க, அண்ணாச்சி?"

பூத்ததையெல்லாம் பறித்துவிட்டதையும், உறுதியான பிறகு வருகிற பூக்களைக் காய்க்க விட்டுவிடலாம் என்று இருந்ததையும் சொன்னேன். பத்து நாளாகப் புதுப் பூ வரவில்லை, கொடி காய ஆரம்பித்துவிட்டது என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கேட்காமல் போயிற்று.

ஆசான் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்த வகை?"

"அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, ஆசானே. ஒரு பூவக்கூடத் தொடல்ல."

"காய்ச்சிருக்கா?"

"கொத்துக்கொத்தா."

அவர் முப்பத்தேழு பூக்களையும் ஒன்று விடாமல் பொறுக்கி, செய்தித்தாளில் வைத்து, மடித்து, என் மடியில் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் சரிவை வெட்டினார்கள். மாசி பிறந்து ஐந்தாம் நாள் ஆசான் போனார். ஏசுவடியாளும் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

அந்த வருட மழைக்குப் பிறகு ரப்பர் கன்றுகளுக்கு நடுவே மஞ்சள் பூ பூத்தது. வரிசை வரிசையாக நடந்து எல்லாக் கொடியிலும் காம்படியைப் பார்த்தேன்.

ஒடுங்கிய சின்ன இலைதான்; ஒன்றில்கூடக் காது இல்லை. இன்றைக்கும் அங்கே இருப்பது அதுதான்.