சின்ன அண்டாவை முழுங்கின பெரிய அண்டா

ஒரு ஊர்ல ஒரு அண்டா இன்னொரு அண்டாவை முழுங்கிடுச்சு. சிரிக்காதே. ம் கொட்டினாத்தான் மேல சொல்லுவேன்.

ம்.

அந்த ஊர்ல செங்கமலம்னு ஒரு சமையக்காரி இருந்தா. அப்பாவுக்கு ஒத்தாசையா கரண்டி பிடிச்சுப் பழகினவ. அவ தனியா ஒத்துக்கிட்ட முதல் விருந்து, ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருத்தர், மூக்காலேயே பேசுவார். "ங்ங... இந்தப் பொண்ணா சமைக்கப் போறா? பாயசம் நல்லா இருந்தாத்தான் தை மாசக் கல்யாணச் சமையல் இவளுக்கு. இல்லேன்னா, ங்ங, டவுன் ஆளு!"

அன்னிக்குத் திங்கக்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள பாத்திரமெல்லாம் வண்டி ஏறணும். அப்போ பார்த்துப் பெரிய அண்டாவுல பாத்திரம் அலம்ப வெந்நீர் தளபுளன்னு கொதிக்குது. அவ அம்மா கத்துறாங்க, "அடியே, மணி ஏழு இருபது!" ஆறட்டும்னு நிக்க நேரம் ஏது? வெந்நீரைக் கொட்டினா. கிணத்தடியில ஜில்லுன்னு கிடந்த சின்ன அண்டாவைத் தூக்கி அந்தச் சூட்டு அண்டாவுக்குள்ள விட்டா. சொய்ங்னு போய் உக்காந்துக்கிச்சு. "அப்பாடி, வண்டியில இடம் மிச்சம்!"

அப்புறம் கடக்கு முடக்குன்னு வண்டி போச்சு, பொண்ணு வீட்டுல நின்னுச்சு. செங்கமலம் சின்ன அண்டாவைப் பிடிச்சு இழுத்தா. ம்ஹூம். ஆட்டினா. ம்ஹூம்! பெரிய அண்டா இல்லாம முந்நூறு பேருக்குப் பாயசம் எதுல காய்ச்சுறது?

ம்.

அப்போ வந்தான் கபடி ஆடுற மூக்கையன். இடி மாதிரி குரல். "தள்ளுங்கக்கா! இதெல்லாம் எனக்குச் சுண்டைக்காய்!" நாலு பேர் வெளி அண்டாவை அமுக்கிக்க, இவன் உள்ளதைப் பிடிச்சு, "ம்ம்ம்ப்!" கை வழுக்கிப் பொத்துன்னு சாணியில உக்காந்தான்.

அப்புறம் பொண்ணோட அத்தை வந்தாங்க. தேன் ஒழுகும் குரல். "எண்ணெய் விடுடி கண்ணு, வழுக்கிட்டு வந்துடும்." விட்டாங்க. வழுக்குச்சு, பிடிச்சவங்க கைதான்!

அப்புறம் பந்தல் போட வந்தவர். பீடி புகைஞ்ச தொண்டை. "ஹக்கூம்... நெருப்பு காட்டினா விட்டுடும்மா." சுத்தி வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினாங்க. குப்புன்னு ஒரே புகை. கோழியெல்லாம் கொக்கரக்கோன்னு ஓட்டம். ரெண்டு அண்டாவும் தகதகன்னு சுட்டுச்சே தவிர, அசையலை.

"ங்ங, மணி பத்தரை! டவுன் ஆளுக்குச் சொல்லிவிடவா?"

செங்கமலத்துக்குக் கண்ணு கலங்கிடுச்சு. முந்தானையால துடைச்சுக்கிட்டே யோசிச்சா. காலையில அவ்வளவு சுலபமா உள்ளே போச்சே, எப்படி? அப்போ பெரியது கொதிக்கக் கொதிக்க இருந்துது. சின்னது ஜில்லுன்னு இருந்துது. சூடு பட்டா பித்தளை ஒரு மயிரிழை பெருக்கும். பெருத்த வாய்க்குள்ள சின்னது புகுந்துடுச்சு. வழியில காத்துப் பட்டுப் பெரியது ஆறி, சுருங்கி, கப்புன்னு கவ்விக்கிச்சு!

அப்போ நெருப்பு வெச்சும் ஏன்க்கா வரலை?

தூங்கலையாடா நீ? ரெண்டும் சேர்ந்து சுட்டா ரெண்டும் சேர்ந்துதானே பெருக்கும்? பிடி அப்படியேதான் இருக்கும். ஒண்ணு பெருத்து நிக்கணும், ஒண்ணு சுருங்கணும். செங்கமலத்துக்கு அது புரிஞ்சுபோச்சு.

"கிணத்துத் தண்ணி ரெண்டு குடம் கொண்டாங்க! உள் அண்டாவுல மட்டும் ஊத்துங்க. வெளியே ஒரு சொட்டு படக்கூடாது!"

"ங்ங! அரிசி வேக வைப்பான்னு பார்த்தா அண்டாவைக் குளிப்பாட்டுறா!"

ஊத்தினாங்க. சொஸ்ஸ்ஸ்ஸ்! வெளி அண்டா இன்னும் சுட்டுக்கிட்டே நிக்குது, உள்ளது விறுவிறுன்னு ஆறுது. "மூக்கையா, துணியைச் சுத்திப் பிடி. இப்போ தூக்கு!"

ணங்ங்ங்!

ஆடுற பால் பல்லு மாதிரி வந்துடுச்சு! தூக்கின வேகத்துல மூக்கையன் தொப்பலா நனைஞ்சான். "அய்யோ அக்கா, குளுருது!"

ம்...

அப்புறம் பெரிய அண்டாவைப் பரபரன்னு தேச்சுக் கழுவி அடுப்புல ஏத்தினா. பால் பொங்கி, அரிசி வெந்து, வெல்லம் கரைஞ்சு, ஏலக்காய் தட்டிப் போட்டு, தெருமுனை வரைக்கும் ஒரே வாசனை.

பந்தியில பெரியப்பா ஒரு டம்ளர் குடிச்சார். டம்ளரை நீட்டினார். ரெண்டாவது குடிச்சார். திரும்பவும் நீட்டினார். மூணாவதைக் குடிச்சு, மீசையைத் துடைச்சுக்கிட்டு, அடுப்படிக்கே வந்தார். செங்கமலம் கரண்டியைக் கீழே வெச்சா.

"ங்ங... ஏம்மா, தையில எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டணும்? விறகு அடிக்கச் சொல்லணுமில்ல."

ம்...

அடுப்பு அணைஞ்சுது, அண்டா கவுந்துது, கதையையும் கழுவிக் கவுத்தாச்சு. கண்ணை மூடுடா.