தலைகீழாக நடந்த தெரு

வௌவாலும் மனிதரும் ஒரே மொழியில் வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நைல் நதிக் கரையில் இருந்த ஃபுஸ்தாத் நகரத்தில் ருமைஸா என்றொரு பெண் இருந்தாள். கோடுகளையும் கோணங்களையும் ஆராய்கிறவள். அவளுடைய அண்ணன் ஸுஹைர் வானத்தைக் கணக்கிடுகிறவன். கிரகணம் எந்த நாளில், எந்தப் பொழுதில் பிடிக்கும் என்று அவன் சொன்னால் ஊரே நம்பும்.

முந்தைய சூரிய கிரகணத்தின்போது தன் கணக்கு சரிதானா என்று பார்க்க ஸுஹைர் மொட்டைமாடியில் நின்று சூரியனையே உற்றுப் பார்த்தான். கணக்கு சரியாக இருந்தது. கண்தான் போய்விட்டது.

கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நமக்குப் பார்வை உண்டாகிறது என்று அன்றைய அறிஞர்கள் பலர் சொன்னார்கள். ஸுஹைரும் அதைத்தான் நம்பினான்.

"ஆயுசு முழுக்க வைத்துக்கொள்ளச் சொல்லி அல்லாஹ் கொடுத்த ஒளியை ஒரே பகலில் சூரியன்மேல் வாரி இறைத்துவிட்டேன். என்னைப்போல ஊதாரி உண்டா?" என்பான்.

அதைக் கேட்டாலே ருமைஸாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீ இறைக்கவில்லை அண்ணா. சூரியன்தான் உன்னைச் சுட்டது."

"நிரூபி, ஒப்புக்கொள்கிறேன்."

நிரூபிக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

இப்படியிருக்க, இன்னொரு கிரகணம் வந்தது. ருமைஸா அட்டவணைகளை வாசிக்க வாசிக்க, ஸுஹைர் மனக்கணக்காகவே பொழுதைச் சொன்னான்: பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பிடிக்கும். தண்டோரா போட்டார்கள். ஊரெல்லாம் மாடி பெருக்கிப் பாய் விரித்தது. அவர்கள் வீட்டுக்கு எதிரே, பள்ளிவாசலின் மினாரா கோபுரத்தின் அடியில் மாதுளம்பழம் விற்கும் முஃப்லிஹ்கூடக் கடையைச் சீக்கிரம் கட்டப்போவதாகச் சொன்னான்.

"கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே" என்றாள் ருமைஸா.

"கொஞ்ச நேரம் பார்த்தால் கொஞ்சம்தானே செலவாகும் அக்கா? உங்கள் அண்ணன் மாதிரி மொத்தத்தையுமா கொட்டப் போகிறேன்?" என்று சிரித்தான் அவன்.

ஊர் முழுக்க இதே பேச்சு.

கிரகணத்தன்று காலை, அளவு பார்க்கும் பட்டுநூலை எடுக்க அவள் தெருப்பக்கத்து மாடியறைக்குப் போனாள். அது ஸுஹைரின் அறை. அவனுக்குக் கண் போனதிலிருந்து சன்னல் சாத்தியே கிடந்தது. அங்கே ஒரு வௌவால் குடியிருந்தது. அன்றைக்கெல்லாம் வௌவால்கள் பறவைகளைப்போல நிமிர்ந்து உட்காரும், பட்டப்பகலில் ஊர்சுற்றும். இந்த வௌவால் மட்டும் ஏனோ சில நாளாக வெளியே தலைகாட்டவில்லை.

இருட்டாக இருக்கிறதே என்று ருமைஸா சன்னல் கதவில் கை வைத்தாள்.

"தொடாதே! திறந்துவிடாதே! எல்லாரும் செத்துப்போவார்கள்!" என்று வௌவால் அலறியது.

"யார் செத்துப்போவார்கள்?"

"சுவரில் இருக்கிறவர்கள்!"

ருமைஸா திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள். எதிர்ச் சுவரில் ஒரு தெரு இருந்தது. வண்ணத்தோடு இருந்தது, அசைந்துகொண்டிருந்தது, தலைகீழாக இருந்தது! வானம் கீழே கிடக்க, கால்கள் மேலே போக, ஒரு கழுதை கூரையில் நடப்பதுபோல நடந்து போயிற்று. மினாரா கீழ்நோக்கித் தொங்கியது. அதன் அடியில், அதாவது உச்சாணியில், முஃப்லிஹ் தலைகீழாக உட்கார்ந்து தலைகீழான பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இது வேறு ஊர். தலைகீழ் ஜனங்கள் வாழும் ஊர். நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்" என்றது வௌவால் பெருமையாக.

சன்னல் கதவில் கருவண்டு துளைத்த ஓட்டை ஒன்று, பட்டாணி அளவில், பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதை ருமைஸா கட்டைவிரலால் அடைத்தாள். தெரு மறைந்தது. விரலை எடுத்தாள். தெரு வந்தது. அடைத்தாள், எடுத்தாள்.

"அண்ணா! அண்ணா! மேலே வா!"

ஸுஹைர் சுவரைத் தடவிக்கொண்டே ஏறி வந்தான். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"எனக்கென்ன தெரியும், நீ சொல்கிறாய். நான் எதைக்கொண்டு பார்ப்பேன்?" என்றான் அவன்.

ருமைஸா தான் எடுக்க வந்த பட்டுநூலைக் கையில் எடுத்தாள். நூலின் நுனியை ஓட்டை வழியாக வெளியே தள்ளினாள். "வௌவாலே, வெளியே போய் இதைக் கவ்விக்கொள். மினாரா உச்சிக்குப் பற!"

வௌவால் வாசல் வழியாகப் பறந்துபோய் நூலைக் கவ்விக்கொண்டு விர்ரென்று மேலே ஏறி உச்சியில் கட்டியது. ருமைஸா உள்ளேயிருந்து நூலை விறைப்பாக இழுத்து, அது நேராகப் போய்த் தொடும் இடத்தில் சுவரோடு அழுத்தினாள். தரைக்குச் சற்று மேலே தொட்டது. சுவரில் மினாராவின் நுனி இருந்த அதே இடம்! இரண்டாவது நூலை வௌவால் முஃப்லிஹின் கூடையில் கட்டிவிட்டு வந்தது. "என் கூடையை என்ன செய்கிறாய்?" என்று அவன் கத்தினான். அந்த நூல் உள்ளே வந்து சுவரின் மேற்பக்கத்தைத் தொட்டது.

ஸுஹைர் இரண்டு நூல்களையும் விரலால் தொடர்ந்து போனான். சுவரிலிருந்து ஓட்டை வரைக்கும், மறுபடி ஓட்டையிலிருந்து சுவர் வரைக்கும். "மேலேயிருந்து வருவது கீழே போகிறது. கீழேயிருந்து வருவது மேலே போகிறது. ஓட்டையில் ஒன்றையொன்று தாண்டுகின்றன. அதனால்தான் தலைகீழ்" என்று முணுமுணுத்தான். பிறகு குரலை உயர்த்தினான். "சரி. ஆனால் உன் கண்ணின் ஒளிதானே இந்த வழியாக வெளியே போகிறது?"

"நான் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன் அண்ணா! என் கண் சுவரைத்தான் பார்க்கிறது. சுவருக்குத் தெரு எப்படி வந்தது? சுவருக்குக் கண் இருக்கிறதா, ஒளியை அனுப்ப?"

ஸுஹைர் விரலில் நூல் சுற்றியிருக்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்படியென்றால்... நான் ஒன்றையும் இறைக்கவில்லையா?"

"ஒரு துளிகூட இல்லை. ஒளி உள்ளே வந்தது. அளவுக்கு மீறி வந்தது. சுட்டுவிட்டது."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உடனே துள்ளி எழுந்தான். "ருமைஸா! ஊர் முழுக்க மாடியில் நிற்கப் போகிறதே!"

பிறகு அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. தெருவில் இறங்கித் தொண்டை கிழியக் கூவினான். "நான் ஸுஹைர்! என் கணக்கை நம்பினீர்களே, இதையும் நம்புங்கள்! பார்ப்பதால் கண் செலவாவதில்லை, வெந்துபோகிறது! என் வீட்டுக்கு வாருங்கள், சூரியனைச் சுவரில் காட்டுகிறோம்!"

அஸர் முடிந்தது. ஒளி மங்கியது. சூரியன் மேற்கே சாய்ந்து சன்னலுக்கு நேராக வந்தது. அறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சுவரில் வட்டமாக ஒரு வெளிச்சம். அதன் கீழ்ப்பக்கத்தை யாரோ கடித்ததுபோல ஒரு பள்ளம்!

"யா அல்லாஹ்!" என்றது கூட்டம்.

அந்த நேரம் பார்த்து முஃப்லிஹ் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தான். "பொய்! வெளியே ஒரு நொடி அண்ணாந்து பார்த்தேன். மேல்பக்கம்தான் கடிபட்டிருக்கிறது. உங்கள் சுவர் ஏமாற்றுகிறது. நான் மாடிக்கே போகிறேன்!"

கூட்டம் சலசலத்தது. சிலர் வாசலை நோக்கி நகர்ந்தார்கள். ருமைஸா விளக்கிச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

உத்திரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த வௌவால் இதைப் பார்த்தது. என்ன நினைத்ததோ, காலால் உத்திரத்தைப் பற்றிக்கொண்டு தொப்பென்று தலைகீழாகச் சரிந்து தொங்கியது.

"மேலேதான்! மேலேதான் கடிபட்டிருக்கிறது! முஃப்லிஹ் சொல்வதும் சரி, சுவர் சொல்வதும் சரி! என்னைப்போலத் தலையைத் திருப்பிப் பாருங்கள்!" என்று கீச்சிட்டது.

முஃப்லிஹ் சந்தேகத்தோடு குனிந்து, தன் இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தான். "அட, ஆமாம்!" என்றான். அவ்வளவுதான். காஜியாரும் குனிந்தார், துணி வெளுப்பவரும் குனிந்தார், அறை முழுக்கக் குனிந்தது. சூரியன் மெல்ல மெல்லப் பிறையாகித் தேய்ந்து, மறுபடி வளர்ந்து முழுசாகிற வரைக்கும் அவர்கள் சிரித்துக்கொண்டும் முட்டி மோதிக்கொண்டும் பார்த்தார்கள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர் யாரும் இல்லை.

எல்லாரும் போன பிறகு, "போதும், இறங்கி நிமிர்ந்து உட்கார்" என்றாள் ருமைஸா.

"மாட்டேன்" என்றது வௌவால். "இப்படிப் பார்த்தால்தான் தெரு நேராக இருக்கிறது. கழுதை தரையில் நடக்கிறது. இத்தனை நாளும் நான்தான் தவறாக உட்கார்ந்திருக்கிறேன்!" அதோடு நிற்கவில்லை, தன் இனத்தாரையெல்லாம் தேடிப்போய்ச் சொல்லி, அவர்களையும் இருட்டுக்கு அழைத்துக்கொண்டது.

வௌவால்கள் பகலெல்லாம் இருட்டான மண்டபங்களைத் தேடிப்போய், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எந்த ஓட்டை வழியாகத் தெரு உள்ளே வரும் என்று காத்திருப்பது அன்று முதல்தான்.