ஆவுடையப்பன் பயந்துவிட்டு வந்த கதை

கோணப்பனையூரில் யாரும் யாரையும் மிரட்டி வழக்கமில்லை. அதனால், ஆவுடையப்பனின் ஆடு பக்கத்து வீட்டுக் கொம்பையாவின் புடலங்கொடியைத் தின்ற அன்று, "உன் காலை ஒடிச்சிருவேன்" என்று கொம்பையா சொன்னபோது, அடுத்து என்ன செய்வதென்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை.

மிரட்டுவது குற்றம், போலீசில் சொல்லியாக வேண்டும் என்றான் அவன் மைத்துனன் சுடலை. இருவருக்கும் ஸ்டேஷனுக்கு வழி தெரியாது. பாவம், கொம்பையாதான் கூட வந்து வழி காட்டினான்.

ஏட்டையா முழுவதையும் கேட்டார். "அவன் சொன்னதும் பயந்தியா?"

ஆவுடையப்பனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை ஐயா."

"பயப்படாதவனுக்கு என்னய்யா கேசு? போய்ப் பயந்துட்டு வா," என்று எரிந்து விழுந்தார் ஏட்டையா.

சட்டமே அப்படிச் சொன்ன பிறகு மறுக்க முடியுமா? மூவரும் ஊர் திரும்பி வேலையில் இறங்கினார்கள். கொம்பையா கண்ணை உருட்டினான். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. கொம்பையா அரிவாளை ஓங்கினான், மொண்ணையாக இருக்கிறதே என்று ஆவுடையப்பனே வாங்கித் தீட்டிக் கொடுத்தான். கொம்பையா தொண்டை கட்டும்வரை கத்தினான், குடிக்கச் சுக்குத்தண்ணிதான் கிடைத்தது. ஒரு சின்னப் பயத்துக்குக்கூட வக்கில்லாமல் போனோமே என்று ஆவுடையப்பன் இடிந்து உட்கார்ந்துவிட்டான்.

"தெரிஞ்ச முகம். அதான் பயம் வரல," என்றான் சுடலை.

கொம்பையா ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்து வந்தான். கண் தெரியாமல், கட்டியிருந்த தன் காளைமேலேயே மோதினான். அது கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே ஆவுடையப்பனைத் துரத்தியது. அவன் அலறியடித்து வைக்கோல் போரில் ஏறினான்.

"வந்துட்டு, பயம் வந்துட்டு," என்று மேலிருந்தபடியே ஆனந்தக் கண்ணீர் விட்டான்.

கீழே வேறொரு சிக்கல் கிளம்பியது.

"கேசு என் மேலதானே?" என்றான் கொம்பையா.

"அத்தான் பயந்தது மாட்டுக்குல்லா," என்றான் சுடலை.

"இவ்வளவு நேரம் கத்துனது நான். பேரு மாட்டுக்கா?"

கொம்பையாவுக்கு மனசே ஆறவில்லை. ஆனாலும் நியாயம் நியாயம்தான் என்று அவனே காளையை ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்தான்.

ஏட்டையா காளையைக் கொம்பிலிருந்து வால்வரை பார்த்தார். கடைசியில் ஏதோ ஞாபகத்தில், "இது என்ன சொல்லிய்யா மிரட்டிச்சு?" என்று கேட்டுவிட்டார்.

ஓடுகிற அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, வாசலில் நின்ற காளை கழுத்தை நீட்டி, "ம்மா" என்றது.

கொம்பையா காதைப் பொத்திக்கொண்டான். "ஸ்டேஷன்னுகூடப் பார்க்காம அம்மாவை இழுத்து ஏசுதியே."

ஆவுடையப்பன் ஏட்டையாவின் பக்கம் நகர்ந்து, அவர் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னான்: "எங்க கேசு கிடக்கட்டும் ஐயா. அது உங்களைப் பார்த்துத்தான் சொல்லிச்சு. நாங்க மூணு பேரும் சாட்சி."