எறும்புதின்னி சுருண்டால் கோல்!

ஏரி வற்றினால் ஆலங்காட்டுக்குக் கொண்டாட்டம். மீன் போச்சே என்று கொக்குகள் மட்டும் மூக்கால் அழும். மற்ற எல்லாரும் காய்ந்த ஏரிக்குள் இறங்கிக் கால்பந்து ஆடத் தொடங்கிவிடுவார்கள். தூக்கணாங்குருவிகள் நாணலைப் பின்னிப் பந்து செய்து தரும். ஆந்தைதான் நடுவர். பகலில் அவருக்குக் கண் தெரியாது என்பது தோற்ற அணிகளின் தீராத புகார்!

கரைக்கு ஓர் அணி, மேட்டுக்கு ஓர் அணி என்று பல அணிகள் மோதும். பனி விலகும்போது ஆரம்பிக்கும் லீக், முதல் மழை வரும்வரை நடக்கும். முதலிடம் பிடித்த அணிக்குக் கொன்றைப்பூ மாலை. கடைசி இடம் பிடித்த அணி அடுத்த ஆண்டு சேற்றுக்குட்டையில் தவளைகளோடு ஆட வேண்டும். அந்த அவமானத்தை நினைத்தாலே யானைக்கும் தூக்கம் வராது.

வடகரையில் சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். வடகரை அணி என்றால் அவனுக்கு உயிர். இரவெல்லாம் கிழங்கு தோண்டிவிட்டுப் பகலில் தூங்க வேண்டிய பிராணி அவன். ஆனால் ஆட்டம் உள்ள நாளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கரைக்கு வந்துவிடுவான்.

அவனிடம் ஒரே ஒரு சிக்கல். வடகரை கோல் போட்டால் அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். உடம்பு சிலிர்த்தால் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கும். ஒருமுறை கோல் விழுந்த சந்தோஷத்தில் மரநாய் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டது. பாவம், அதன் பிறகு பல நாள் மல்லாந்தே படுத்துக் கிடந்தது.

ஆகவே சிலுப்பனைச் சுற்றி எப்போதும் காலி இடம்தான். அங்கே துணிந்து உட்கார ஒருவனால்தான் முடியும். அவன் எறும்புதின்னி சுருளாண்டி. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். முள்ளாவது, குத்துவதாவது! கோல் விழுந்தால் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கரையில் கடகடவென்று உருளுவார்கள். சிலுப்பனை ஆசையாகக் கட்டிப்பிடிக்க அந்தக் காட்டில் வேறு யாருமில்லை.

சுருளாண்டிக்கும் ஒரு பழக்கம் உண்டு. பயந்துவிட்டால் சுருண்டு உருண்டையாகிவிடுவான். எதிரணி வடகரையின் கோலை நெருங்கினால் போதும்!

"ஐயோ, என்னால பாக்க முடியாதுப்பா!" என்று மூக்கை வயிற்றுக்குள் செருகிக்கொள்வான். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருப்பான்.

"தப்பிச்சோம்! வெளிய வா!" என்று சிலுப்பன் சொன்ன பிறகுதான் தலை நீட்டுவான். பாதி ஆட்டத்தை அவன் சிலுப்பனின் வாயால்தான் பார்த்தான் என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு லீக்கின் ஆரம்பம் அமர்க்களம்! வடகரை போன இடமெல்லாம் வெற்றி. முன்னால் ஆடும் முயலைத் துரத்திப் பிடிக்க எவராலும் முடியவில்லை.

"மாலை நமக்குத்தான்! கொன்றையை இப்பவே பறிச்சு வைங்க!" என்று வடகரை ரசிகர்கள் குதித்தார்கள்.

பறித்த பூ வாடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. முயலின் காலில் நெருஞ்சி முள் ஏறியது. கோலில் நிற்கும் மந்திக்குச் சரியாகப் பந்து வரும் நேரத்தில்தான் முதுகு அரிக்கும். மேட்டுக்காட்டு அணி அடித்தது. பாறையடி அணி அடித்தது. போன ஆண்டு சேற்றில் புரண்டு வந்த அணிகூட அடித்துவிட்டுப் போனது. வடகரை சரசரவென்று இறங்கிக் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? காற்று சரியில்லை என்றார்கள். பந்து சரியில்லை என்றார்கள். ஆந்தையைத் திட்டித் தீர்த்தார்கள். இத்தனைக்குப் பிறகும் தோல்வி நிற்கவில்லை.

அப்போதுதான் கருவேலங்குச்சியின் நுனியில் இருந்து ஓணான் பேசத் தொடங்கியது. பேசும்போது ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டும். அதனால் அது எதைச் சொன்னாலும், ஏற்கெனவே யாரோ ஆமோதித்துவிட்டது போல இருக்கும்.

"நாம ஏன் தோக்குறோம்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்!" என்றது ஓணான்.

"சொல்லுங்கண்ணே, சொல்லுங்க!" என்று எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"மேட்டுக்காட்டுக்காரன் மொத கோல் போட்டப்ப சுருளாண்டி என்ன பண்ணினான்?"

"சுருண்டான்."

"ரெண்டாவது கோல் போட்டப்ப?"

"அப்பவும் சுருண்டான்."

"பாறையடிக்காரன் போட்டப்ப?"

"அட, அப்பவும் சுருண்டுதானே கெடந்தான்!"

"அவன் சுருண்டா கோல்! இதுக்கு மேல என்னய்யா வேணும்?"

"ஆமால்ல!" என்று வடகரையே வாயைப் பிளந்தது. சுருளாண்டி சுருண்டும் கோல் விழாத நேரங்கள் எத்தனையோ உண்டு. அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

சுருளாண்டி அப்போது அங்கே இல்லை. சிலுப்பனுக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது.

"எதிரி பக்கத்துல வர்றதாலதான் அவன் பயந்து சுருளுறான்! நீ என்ன தலைகீழா சொல்ற?" என்று கேட்டான்.

"அவன் சுருளுறதாலதான் எதிரி பக்கத்துல வர்றானோ என்னவோ! யாரு கண்டா?" என்றது ஓணான். "சரி, நீயே சொல்லு. அடுத்த வருசம் நம்ம அணி தவளையோட ஆடணுமா?"

சிலுப்பன் சேற்றுக்குட்டை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அவனை விரட்ட வேண்டாம்" என்று ஓணான் குரலைத் தாழ்த்தியது. "எதிரணிக் கூட்டத்துல கொண்டுபோய் உக்கார வைப்போம். அவன் ராசி அவங்களைப் புடிச்சு ஆட்டட்டும்! நீ போய்ச் சொல்லு சிலுப்பா. நீ சொன்னாத்தான் அவன் கேப்பான்."

முடியாது என்று சிலுப்பன் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயையும் திறந்தான். ஆனால் சேற்றுக்குட்டையில் தவளைகள் வரிசையாக உட்கார்ந்து கெக்கலிப்பது கண்முன் வந்தது. பேசாமல் கிளம்பிப் போனான்.

சுருளாண்டி ஒரு புற்றில் கரையான் தின்றுகொண்டிருந்தான்.

"சுருளாண்டி... அடுத்த ஆட்டத்தை நீ அந்தப் பக்கம் உக்காந்து பாக்குறியா?"

"எந்தப் பக்கம்?"

"எதிரணிப் பக்கம்."

நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க மறந்து சுருளாண்டி அவனையே பார்த்தான். சிலுப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"நீயுமா அப்படி நெனைக்கிற?"

"நான் நெனைக்கலடா. ஆனா... ஒருவேளை அது நெசமா இருந்துட்டா?"

சுருளாண்டி புற்றை விட்டு விலகி வந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "நம்ம அணி ஜெயிக்கும்னா நான் எங்க வேணும்னாலும் உக்காருறேன். ஆனா அங்க நான் சுருண்டு கெடக்கும்போது, என்ன ஆச்சுன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

"ஒரு ஆட்டம்தாண்டா" என்று முணுமுணுத்துவிட்டுச் சிலுப்பன் திரும்பினான்.

அந்த ஆட்டத்தில் வடகரை ஜெயித்தது! மூங்கில்மேட்டு அணியின் மிளா மான் பந்தை வெளியே தள்ளப் போக, அது கொம்பில் பட்டுத் தன் கோலுக்குள்ளேயே உருண்டுவிட்டது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"பாத்தீங்களா என் கணக்கை!" என்று ஓணான் தலையாட்டியது.

அடுத்த ஆட்டத்திலும் சுருளாண்டியை எதிர்க் கரைக்கே அனுப்பினார்கள். வடகரை தோற்றது. "அவன் அங்க போய் ஒழுங்கா சுருளலை!" என்றது ஓணான். அதையும் நம்பினார்கள். கணக்கு தப்பானாலும் தப்பு சுருளாண்டியுடையதுதான்!

கடைசி ஆட்டம் வந்தது. எதிரே தென்கரை அணி. ஜெயித்தால் வடகரை தப்பித்து, தென்கரை சேற்றுக்குப் போகும். ஆட்டம் சமன் ஆனால்கூட வடகரைக்குச் சேறுதான். வானத்தில் மேகம் திரண்டு வந்தது. இரு கரையிலும் எள் விழ இடமில்லை.

சிலுப்பன் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தான்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. தென்கரைக் காட்டுப்பன்றி அலை அலையாக வந்து மோதியது. அன்று மந்திக்கு எங்கேயும் அரிக்கவில்லை. பாய்ந்து பாய்ந்து பிடித்தது. முயலின் கால் முழுசாக ஆறவில்லை, ஆனாலும் விடாமல் ஓடியது. ஒரு கோலும் விழவில்லை. ஆட்டம் முடிந்தது என்று கூவ ஆந்தை மூச்சை இழுத்துவிட்டது!

அந்த நேரத்தில் மந்தி பந்தைத் தூக்கி நெடுந்தூரம் எறிந்தது. முயல் காதை மடக்கிக்கொண்டு பறந்தது. ஒரே உதை!

"கோல்! கோல்! கோல்!"

வடகரை இரண்டாகப் பிளந்தது போல இருந்தது. மான் அணிலைத் தூக்கிச் சுற்றியது. மரநாயும் உடும்பும் கட்டிக்கொண்டு புரண்டன. இதுவரை யாரும் தொட்டுப் பேசாத ஓணானைக்கூடக் கரடி வாரி எடுத்து முத்தமிட்டது.

சிலுப்பனுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை சிலிர்த்தது. முள்ளெல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. "ஜெயிச்சிட்டோம்டா!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினான்.

யாருமில்லை.

இந்தப் பக்கம் திரும்பினான். "ஐயோ, முள்ளு! முள்ளு!" என்று எல்லாரும் விலகி ஓடினார்கள். காடே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. அவன் மட்டும் விரித்த கையோடு நின்றான். இந்த நாளுக்காக எத்தனை பகல் தூங்காமல் விழித்திருந்தான்! இப்போது அழுகைதான் வந்தது.

அப்போதுதான் அவன் எதிர்க் கரையைப் பார்த்தான். தென்கரை ரசிகர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை கிடந்தது. அது இன்னும் விரியவே இல்லை.

சிலுப்பன் ஓடினான். காய்ந்த ஏரியை ஆட்டக்காரர்களுக்கு நடுவே குறுக்காகக் கடந்து ஓடினான். முள்ளை விரித்துக்கொண்டு வருபவனைக் கண்டு தென்கரைக் கூட்டம் தானாகவே வழி விட்டது. அருகில் போனதும் உருண்டைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன், என்ன ஆச்சு?"

அவனுக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் மனசில்லை.

"நான்தாண்டா! ஜெயிச்சிட்டோம்! முயல் போட்டுட்டான்!" என்றான் சிலுப்பன்.

உருண்டை ஒருமுறை அசைந்தது. ஆனால் விரியவில்லை.

"அப்ப நான் இங்க உக்காந்ததாலதான் ஜெயிச்சோம்" என்றது உள்ளிருந்த குரல். "அடுத்த வருசமும் நான் இங்கதான் உக்காரணும், இல்லையா?"

சிலுப்பன் உருண்டையின்மேல் குனிந்தான். "வேண்டாம்டா! ஜெயிச்சதும் உன்னைத்தான் தேடினேன். நீ இல்ல. அந்த ஜெயத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல. தப்பு பண்ணிட்டேன். சேத்துக்கே போனாலும் நீ எம்பக்கத்துலதான் உக்காரணும்!"

மெல்ல ஒரு மூக்கு வெளியே வந்தது. அப்புறம் இரண்டு சின்னக் கண்கள்.

"நெசமாவே முயலா போட்டான்? அவனுக்குக் கால்ல முள்ளுல்ல?"

"நொண்டிக்கிட்டே போட்டான்!"

"டேய் சிலுப்பா! அவனை அங்கயே விட்டுட்டு வா! ராசியைக் கெடுக்காதே!" என்று வடகரையிலிருந்து ஓணான் கத்தியது.

"அடுத்த வருசம் தோத்தா என்னைத் திட்டு! நான் இவன்கூடத்தான் உக்காருவேன்!" என்று சிலுப்பன் திருப்பிக் கத்தினான்.

முதல் மழைத்துளி சுருளாண்டியின் செதிலில் விழுந்தது. தென்கரை ரசிகர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சுருளாண்டி மட்டும் நகரவில்லை. நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"நான் ஒண்ணுமே பாக்கலடா" என்றான். "மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணையும் விடாம சொல்லு."

கொட்டும் மழையில் சிலுப்பன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆந்தை ஆட்டத்தைத் தொடங்கிவைத்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.

தோல்விக்குக் காரணம் தேடித் தோழனைத் தள்ளிவைப்பவனுக்கு, வெற்றியே வந்தாலும் அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருக்காது.